டோபோ ஷீட்டைக் காகிதத்தில் பொதுமக்கள் வாங்க முடியுமா? தென்சென்னை ஏரிகளுக்கு எந்த ஷீட்?

டோபோ ஷீட், அதாவது நிலத்தின் மேடு பள்ளம், நீர்நிலைகளைக் காட்டும் அரசு வரைபடத்தைத் தாராளமாக வாங்கலாம். ஆராய்ச்சி மாணவராகவோ அரசு ஊழியராகவோ இருக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் இந்திய நில அளவைத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். பெயர்க் குழப்பத்தில் சேப்பாக்கத்துக்குப் போய்விடாதீர்கள். அது மாநில நில அளவைத் துறை. அங்கே கிடைப்பது சர்வே நம்பர் போட்ட கிராம வரைபடமும், தனித்தனி நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படமும். பட்டா விவகாரத்துக்கு அது சரி. மேடு பள்ளம், ஓடை, ஏரி பார்க்க டோபோ ஷீட்தான் வேண்டும்.

ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் வேலை இழுக்கும். எண்ணோடு போங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் நாலு பாகைச் சதுரத்துக்கு ஓர் எண், அதற்குள் ஒரு பாகைக் கட்டத்துக்கு ஓர் எழுத்து, அதற்குள் கால் பாகைக்கு 1 முதல் 16 வரை. ஊட்டி 58ஏ/11, குன்னூர் 58ஏ/15. சென்னைதான் பாடாய்ப் படுத்தும். நாலு ஷீட்டின் மூலைகள் அடையாறு பக்கத்தில் சந்திக்கின்றன, அதனால் நகரம் 66சி/4, 66சி/8, 66டி/1, 66டி/5 என்று நாலாகப் பிரிந்து கிடக்கிறது. நீங்கள் கேட்ட தென்சென்னை ஏரிகள், அதாவது பள்ளிக்கரணை, தாம்பரம் பக்கம், 66டி/1. இது பழைய எண். 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த, பொதுமக்களுக்கான ஓப்பன் சீரீஸில் சென்னை எண்கள் டி44 என்று தொடங்கும். அந்த சீரீஸையே கேளுங்கள், மற்றது ராணுவத்துக்கானது. 2005-க்கு முன் கடலோர ஷீட்டுகள் தடைப்பட்டியலில் இருந்தன, சென்னைக்காரர் தன் ஊர் ஷீட்டைக் கடையில் வாங்குவதுபோல வாங்க முடியாமல் இருந்தது.

எல்லா ஷீட்டும் அச்சில் இருக்காது. கிளம்பும் முன் எண்ணைச் சொல்லி விசாரித்துவிடுங்கள்.

2017-லிருந்து 1:50,000 ஷீட்டுகளைத் துறையின் தளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே விட்டார்கள். அப்புறம் காகிதம் எதற்கு? ஏரிக்காக என்றால் காகிதம்தான் என்பேன். ஒரு ஷீட் சுமார் 27 கி.மீ. சதுரம், தாளில் ஏறக்குறைய 55 செ.மீ. வீட்டுப் பிரிண்டரில் ஏ4-க்குச் சுருக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர் என்ற கணக்கே போய்விடும், ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. தாளை மேசையில் விரித்தால் ஒரு ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்கு ஓடும் கோட்டை விரலாலேயே பிடித்துக்கொண்டு போகலாம். ஆண்டு முழுக்கத் தண்ணீர் இருப்பது நீலம், மழைக்கு மட்டும் ஓடுவது கறுப்பு. கரையை ஒட்டி ஓர் எண்ணும் சின்ன ஆர் எழுத்தும் இருந்தால், பக்கத்துத் தரையிலிருந்து கரை அத்தனை மீட்டர் உயரம் என்று பொருள். இப்போது தெருவும் அடுக்ககமுமாக இருக்கும் இடத்தில் கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்தால், டிசம்பர் மழையில் அந்தத் தெரு ஏன் மிதக்கிறது என்று புரியும்.

ஆனால் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் சர்வே ஆண்டை முதலில் பாருங்கள். ஷீட் காட்டுவது அளந்த ஆண்டின் நிலத்தை, அச்சிட்ட ஆண்டின் நிலத்தையல்ல. முடிந்தால் நூலகத்திலோ பல்கலைக்கழகப் புவியியல் துறையிலோ அதே இடத்தின் பழைய பதிப்பையும் தேடி ஒப்பிடுங்கள். வாங்கியதும் மடிக்க விடாதீர்கள், சுருட்டித் தரச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடு அழியும்.