ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை மாற்றுவது: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் ரப்பர், மிளகு, பூ வாங்கி விற்கும் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது என் வேலை. நிறுத்தாமல், மறுபடி கம்பைல் பண்ணாமல் மாற்றக்கூடிய ஆப்ஜெக்ட் வடிவமைப்பு பற்றி நம் குழுவில் பலர் கேட்டிருந்தீர்கள். கம்பைல் என்பது எழுதிய கோடை மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது; கிளாஸ் ஓர் அச்சு என்றால், ஆப்ஜெக்ட் அதில் வார்த்தெடுத்த பொருள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அக்கா, கிளாஸ் எல்லாம் கம்பைல் பண்ணும்போதே முடிவாகிவிடுகிறதே. ஓடும்போது புது வகை எப்படி வரும்?

தம்பி, எனக்கும் முதல் அடி விழுந்தது இங்கேதான். ஒரு கொள்முதல் கடைக்காக ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், ரப்பர் பால் என்று மூன்று கிளாஸ் எழுதி, மூன்றையும் 'சரக்கு' என்ற தாய் கிளாஸுக்குக் கீழே வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர் போன் பண்ணி, "நல்லமிளகும் எடுக்கப் போறேன்" என்றார். அவருக்கு அது சிட்டையில் இன்னொரு வரி. எனக்கோ புது கிளாஸ், புது கம்பைல், கொட்டும் மழையில் பஸ் பிடித்துப் போய் இன்ஸ்டால்.

அப்புறம் மாற்றி எழுதினேன். இப்போது இரண்டே கிளாஸ்: 'சரக்கு', 'சரக்கு வகை'. கடையில் வந்திறங்கும் ஒவ்வொரு சரக்கும் தான் எந்த வகை என்பதைச் சுட்டிக்கொண்டு நிற்கும். மிளகு இனி ஒரு கிளாஸ் இல்லை, 'சரக்கு வகை'யின் ஓர் ஆப்ஜெக்ட். டேட்டாபேஸ் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் அது பிறந்துவிடும். டைப் ஆப்ஜெக்ட் என்று இதைச் சொல்வார்கள். ரால்ஃப் ஜான்சனும் பாபி உல்ஃபும் எழுதிவைத்த முறை. இதோடு பண்புகளும் விதிகளும் டேட்டாவாகச் சேர்ந்தால் அடாப்டிவ் ஆப்ஜெக்ட் மாடல்.

குலசேகரம், கொள்முதல் கடைக்காரர்: மக்களே, பாலுக்கு டிஆர்சி பாக்கணும், ஷீட்டுக்கு கிரேடு, மிளகுக்கு ஈரம். எல்லாம் ஒரே திரையில எப்படி வரும்?

எந்தக் கட்டம் திரையில் வர வேண்டும் என்று அந்த வகையே சொல்லும், அண்ணாச்சி. பால் என்று தேர்ந்தெடுத்தால் டிஆர்சி கட்டம் வரும், ஷீட் என்றால் கிரேடு வரும். திரையில் எதையும் முன்கூட்டியே பதித்துவைக்கவில்லை.

விலைக் கணக்கும் அப்படித்தான். ஷீட்டுக்கு எடையை விலையால் பெருக்கினால் போதும். பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். காய்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்பதே டிஆர்சி. 40 கிலோ பால், டிஆர்சி 35 சதவீதம் என்றால் 14 கிலோ ரப்பர். கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் 2,520 ரூபாய். இந்த இரண்டு கணக்கையும் தனித்தனி ஆப்ஜெக்டாக எழுதி, எந்த வகைக்கு எது என்பதை மட்டும் டேபிளில் வைத்தேன். ஸ்ட்ராட்டஜி என்ற வடிவமைப்பு முறையாகப் படித்தது இதைத்தான்.

தோவாளை, பூ வியாபாரி: பிச்சி கிலோ கணக்கு, தாமரை எண்ணிக் கொடுப்போம். சரிவருமா?

வரும். கிலோவா, எண்ணிக்கையா என்பதும் வகையின் பண்புதான்.

தக்கலை, கணக்காளர்: 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது என்ன செய்தீர்கள்?

12 சதவீதத்தில் இருந்த பல பொருட்கள் 5-க்கு இறங்கின. டேபிளில் பழைய வரிவிகிதத்தை அழிக்காமல், 'இந்தத் தேதி முதல் இவ்வளவு' என்று புதிய விகிதத்தையும் சேர்த்தேன். பில்லின் தேதியைப் பார்த்து மென்பொருள் உரிய விகிதத்தை எடுத்துக்கொண்டது. அழித்து எழுதினால் என்ன ஆகும் என்று முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன்: ஒரு கடையில் விலையை அப்படி மாற்றிவைத்திருந்தேன். போன மாத பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் இந்த மாத விலை வந்து நின்றது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நாகர்கோவில், ஐடி ஊழியர்: டேட்டா மாறுவது சரி. கோட் மாற வேண்டுமென்றால்?

அது வேறு ரகம். பிழை தேட உதவும் டீபக்கர் கருவி வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா கிளாஸை மாற்றலாம். ஆனால் ஜாவா நிரலை ஓட்டும் சாதாரண ஜேவிஎம்மில் மெத்தடின் (செயலைச் சொல்லும் பகுதியின்) உட்பகுதி மட்டும்தான் மாறும், புது ஃபீல்டு (தகவல் வைக்கும் இடம்) சேர்க்க முடியாது. கிளாஸை நினைவகத்தில் ஏற்றும் கிளாஸ் லோடரை வைத்துப் புதிதாக ஏற்றலாம், ஆனால் ஒரே பெயருள்ள கிளாஸை இரண்டு லோடர் ஏற்றினால் ஜாவாவுக்கு அவை இரண்டு வேறு கிளாஸ்கள். முழு நாளை விழுங்கும் பிழை இது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் நிறுவனத்தில் உருவான எர்லாங் மொழி இதை அழகாகச் செய்கிறது: ஒரு மாட்யூலின் (நிரல் துண்டின்) பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கும், நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுபடாது. எங்கள் கடைகளுக்கு இவ்வளவு தேவைப்பட்டதில்லை.

குளச்சல், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்: அப்படியென்றால் எல்லாவற்றையும் டேபிளில் போட்டுவிடலாமே அக்கா?

தயவுசெய்து வேண்டாம். டேபிளில் 35-க்குப் பதில் 0.35 என்று விழுந்தால் கம்பைலர் கண்டுபிடித்துச் சொல்லாது, ரப்பர் விவசாயிதான் சொல்வார், அதுவும் காசு குறைந்த பிறகு. ஒவ்வொரு பண்பையும் டேபிளில் தனி வரியாக வைத்தால் ஒரு சாதாரண ரிப்போர்ட்டுக்கே ஏழெட்டு ஜாயின் (டேபிள்களை இணைப்பது) போட வேண்டிவரும். கடைக்காரர் வாராவாரம் மாற்றுவதை டேட்டாவாக்குங்கள். இரண்டு வருடத்தில் ஒருமுறை நீங்களே மாற்றுவது கிளாஸாகவே இருக்கட்டும். எந்தப் புது விதியையும் போன மாத பில்கள் மேல் ஓட்டி, பழைய தொகை வருகிறதா என்று பார்த்த பிறகே கடையில் விடுங்கள்.

திருவட்டாறு, புரோகிராமர்: பில் பாதியில் இருக்கும்போது விதி மாறினால்?

பில் திறந்தவுடன் அப்போதைய விதித் தொகுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடியும்வரை அதையே பயன்படுத்தும். இருக்கும் தொகுப்பைத் திருத்தாதீர்கள். புதிதாக ஒன்றைக் கட்டி முடித்து, அதைச் சுட்டும் ரெஃபரன்ஸை ஒரே அடியில் மாற்றுங்கள். ஜாவாவில் ஒரு வாலடைல் ஃபீல்டு போதும், அதில் செய்த மாற்றம் மற்ற த்ரெட்களுக்கும் (கூடவே ஓடும் வேலைகளுக்கும்) தெரியும். அடுத்த பில் புதியதில் தொடங்கும். பில்லோடு தொகுப்பின் எண்ணையும் சேமித்துவையுங்கள், விவசாயி வந்து கேட்டால் எந்தக் கணக்கு என்று எடுத்துக் காட்டலாம்.