படிக்கும்போது சிரிப்பு, படத்தில் காணோம்

கேள்வி: செந்தூல் ஃபிளாட்டில் நண்பர்கள் சேர்ந்து 22 நிமிடக் குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்று எடுத்தோம். கதையை வாசித்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எடிட் செய்து போட்டுக் காட்டினால் ஒருவரும் சிரிக்கவில்லை. வசனம் சரியில்லையா? முதல் பாகத்தையும் 38 பக்கக் கதையையும் இணைத்திருக்கிறோம்.
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: வசனம் நன்றாகவே இருக்கிறது. கெடுப்பது வசனத்துக்குப் பிறகு விடும் இடைவெளி. ஒவ்வொரு சிரிப்பு வரிக்கும் பின்னால் உங்கள் நடிகர்கள் இரண்டு விநாடி நிற்கிறார்கள். அரங்கில் ரசிகர்களை உட்காரவைத்து எடுக்கும் அமெரிக்கத் தொடர்களின் பழக்கம் அது. சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ அப்படித்தான், மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுக்கப்பட்டது. பேசுபவர் முகமும் கேட்பவர் முகமும் ஒரே தடவையில் கிடைத்துவிடும். உங்களிடம் இருப்பது ஒரு கேமரா, எதிரே ரசிகர்களும் இல்லை. அந்த இடைவெளி வெறும் மௌனமாகிவிடுகிறது. பதிவு செய்த சிரிப்பொலியை ஒட்டி அதை நிரப்பாதீர்கள்.

காட்சியை முதலில் அகலமாக ஒருமுறை முழுதும் எடுங்கள். அடுத்து கேட்பவர் முகத்தை மட்டும், எதிரில் இருப்பவர் எல்லா வசனத்தையும் சொல்ல, தொடக்கம் முதல் முடிவுவரை எடுங்கள். வீட்டு நகைச்சுவையில் பாதி அந்த முகத்தில்தான் இருக்கிறது. நெருக்கமான ஷாட்டில் ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு ஏறக்கூடாது. ஏறினால் வெட்ட முடியாது. அவசரத்தை எடிட்டில் ஏற்றிக்கொள்ளலாம். காற்றாடியை நிறுத்துங்கள். யாரும் பேசாத அறை ஒலியை 30 விநாடி பதிவு செய்து, வெட்டிய இடங்களுக்கு அடியில் ஓடவிடுங்கள்.

உரையாடல் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும். 38 பக்கத்தை 22 நிமிடத்துக்குள் அடைத்ததால்தான் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. யார் வாயில் வைத்தாலும் பொருந்துகிற ஜோக்குகளை முதலில் எடுத்துவிடுங்கள். மாமா பேசுவதில் பெரும்பகுதி போய்விடும், போகட்டும்.

பார்க்கிங் இடம் பறிபோகும் என்று காரையே எடுக்காத அப்பா இருக்கிறாரே, அவர்தான் உங்கள் தொடர்! அவரை மூன்றாம் காட்சியில் மறந்துவிட்டீர்கள். முதலில் சந்தைக்கு நடக்கட்டும். பிறகு கல்யாணப் பரிசான கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கொம்யூட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போகட்டும். கடைசியில் பாட்டிக்கு மருத்துவமனை போக வேண்டும், கார் கீழேயே நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லும் காரணம் அவருக்கு நியாயமாகப் படவேண்டும். நடிகர் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவே கூடாது. அக்கா ரகசியமாகக் கார் ஓட்டிப் பழகும் கிளைக்கதைக்கு மூன்று சிறு காட்சிகள் போதும். அவள் சாவியை எடுக்கும் இடத்தில் இரண்டு கதையும் மோதுகின்றன. அங்கேயே பாகத்தை முடியுங்கள்; அதற்குப் பின்னால் வரும் அப்பாவின் ஒன்றரைப் பக்க விளக்கம் தேவையில்லை.