பழனிக்கு நடக்கும் தோழர்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு வருடமாகத் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். தைப்பூசத்துக்கு வருடாவருடம் பழனிக்கு நடந்தே போவேன். இந்த முறை மாலையைக் கழற்றியபின் கிளைக் கூட்டத்துக்குப் போனேன். "மதம் அபின்னு படிச்சவர்தானே நீங்க?" என்று ஒரு தோழர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். அந்தச் சிரிப்பு எனக்கும் வலித்தது.

1844இல் மார்க்ஸ் அந்த வரியை எழுதியபோது, மதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்றும், இதயமற்ற உலகின் இதயம் என்றும் அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அவர் மதத்தை ஏற்றவர் இல்லை, சரி. ஆனால் பெருமூச்சு விடுபவரைப் பார்த்துச் சிரித்தவரும் இல்லை. கட்சி வேலையை மனசாட்சியோடு செய்து, திட்டத்தை எதிர்க்காமல் இருந்தால் ஒரு பாதிரியாரையே கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1909இல் லெனின் எழுதினார். உங்கள் தோழரிடம் இதையும் சொல்லுங்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் நினைவுக்கு வருபவர், மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் கத்தோலிக்கப் பாதிரியார் ஆஸ்கர் ரொமேரோ. 1977 பிப்ரவரியில் அவர் பேராயரானபோது பணக்காரர்கள் நிம்மதி அடைந்தார்கள். வம்புதும்புக்குப் போகாத பழமைவாதி என்று பெயர். மூன்று வாரம்கூட ஆகவில்லை. கரும்புக்காட்டுக் கூலிகள் சங்கமாகச் சேரத் துணைநின்ற அவருடைய நண்பர், பாதிரியார் ருதிலியோ கிராந்தே, பூசை வைக்கப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட வந்த ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் செத்தார்கள். அந்தக் கொலையைக் கண்டித்து, அடுத்த ஞாயிறு மறைமாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு பூசைதான் என்று ரொமேரோ அறிவித்தார். அப்புறம் வாராவாரம் வானொலியில் அவருடைய பிரசங்கம். யாரைக் கொன்றார்கள், யார் காணாமல் போனார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். 1980 மார்ச் 23 அன்று, கொல்லச் சொல்லும் ஆணைக்குப் பணியாதீர்கள் என்று சிப்பாய்களைப் பார்த்தே கேட்டுக்கொண்டார். மறுநாள் மாலை, பூசை நடத்திக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அவரை எதிர்த்தவர்களில் சக ஆயர்களும் உண்டு. ரோமுக்குப் புகார் அனுப்பினார்கள். அதே திருச்சபை 2018இல் அவரைப் புனிதராக அறிவித்தது. கொன்றவர்களோடு விருந்து சாப்பிட்டவர்களும், கொல்லப்பட்டவர்களைப் புதைத்தவர்களும் ஒரே சிலுவையைத்தான் கும்பிட்டார்கள். அதனால் நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த நம்பிக்கை ஒருவரை யார் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

அதே கேள்வி உங்களுக்கும் உண்டு. உங்களோடு நடக்கும் குழுவில் காலனி ஆட்கள் இருக்கிறார்களா? வழியில் அன்னதானத்துக்கு உட்காரும்போது ஒரே பந்திதானா? கிளைக் கூட்டத்தில் உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். பதில் எழுதுங்கள்.