டூப்ளிகேட் சரக்கு, அசல் வழக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லித்தான் ஷூ விற்கிறேன். யாரையும் ஏமாற்றவில்லையே, இதுவும் குற்றமா?

குற்றம்தான். வணிகச் சின்னச் சட்டம், 1999, பிரிவு 104: போலிச் சின்னமுள்ள பொருளை விற்றாலும், விற்பனைக்காகக் கடையில் வைத்திருந்தாலும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். தனிச் சிறப்பான காரணத்தைத் தீர்ப்பில் எழுதினால் மட்டுமே நீதிமன்றம் இதைவிடக் குறைக்கலாம். சொல்லி விற்பதால் ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதமும் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலே சாட்சியாகிவிடும்.

மொத்த வியாபாரியிடம் பில் போட்டு வாங்கிய செல்போன் சார்ஜர் போலி என்கிறார்கள். பில் காப்பாற்றுமா?

என்ன பில் என்பதைப் பொறுத்தது. வெறுமனே ‘மொபைல் அக்சசரீஸ் 200’ என்றிருந்தால் உதவாது. பிராண்ட், மாடல், விற்றவரின் ஜிஎஸ்டி எண் மூன்றும் வேண்டும். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் நல்லது. தக்க எச்சரிக்கையோடுதான் வாங்கினோம், சந்தேகிக்கக் காரணமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. சந்தை விலையில் கால்பங்குக்கு வாங்கிவிட்டு அப்படிச் சொன்னால் எடுபடாது. சரக்கு கொடுத்தவரின் விவரத்தைக் கேட்டவுடன் எழுத்தில் கொடுங்கள். அவரைக் காப்பாற்றப் போனால் நீங்கள் மாட்டுவீர்கள்.

எஸ்ஐ வந்து சரக்கை அள்ளிப் போனார். அவருக்கு அதிகாரம் உண்டா?

எந்தச் சட்டத்தில் என்று முதல் தகவல் அறிக்கையில் பாருங்கள். வணிகச் சின்னச் சட்டப்படி வாரண்ட் இல்லாமல் சோதனை போட டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்டவர் வேண்டும். வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தையும் முன்கூட்டியே பெற வேண்டும். இந்தச் சிரமத்தைத் தவிர்க்கவே பல புகார்கள் அட்டைப்பெட்டி ஓவியத்தைக் காட்டிக் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், பிரிவு 63-இல் வருகின்றன. அதில் எஸ்ஐ போதும். அந்தக் குற்றம் ஜாமீனில் விட முடியாதது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இரண்டிலுமே சரக்கைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட 15 நாள்தான். மகஜரில் (பறிமுதல் பட்டியலில்) எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுபடி பிடிபட்டால்?

முதல் வழக்கில் தண்டனை பெற்றிருந்தால், குறைந்தபட்சம் 1 ஆண்டு, ₹1 லட்சம்.

போலி மாத்திரைக்கும் இதே தண்டனையா?

இல்லை, அங்கே மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டம் வரும். போலி மருந்துக்குக் குறைந்தது 7 ஆண்டு. அதனால் உயிர் போனால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. அப்போது அபராதமும் குறைந்தது ₹10 லட்சம் அல்லது பறிமுதல் மருந்தின் மதிப்பைப் போல் மூன்று மடங்கு, எது அதிகமோ அது.

நான் லேபிள் மட்டும்தான் அச்சடிக்கிறேன்.

வணிகச் சின்னச் சட்டத்தின் பிரிவு 103 உங்களுக்கானது. போலிச் சின்னம் போடுவதற்கான பிளாக், டை (அச்சு), பிளேட் வைத்திருந்தாலே போதும். ஆர்டர் எடுக்கும்போதே பிராண்ட் உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.