லொறி காணியோடு போகுமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் அப்பா நெல் மில் நடத்தினார். மில் காணியைத் தங்கச்சியின் கல்யாணத்தில் நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தார். பிறகு மரணசாசனம் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறார், பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். லொறி, ஜெனரேட்டர், அரைக்கும் மெஷின் எல்லாம் மில் கணக்கில் 'நிலையான சொத்து' என்று இருக்கிறது, ஆகவே காணியோடு தங்களுக்கே சேரும் என்கிறார் மச்சான். சரியா?

பதில்: உங்கள் மச்சான் கணக்காளரின் சொல்லைக் காணிச் சட்டத்துக்குள் இழுத்து வருகிறார். விற்பதற்கென்று இல்லாமல், தொழிலில் வருடக்கணக்காகப் பாவிக்க வைத்திருப்பதைத்தான் கணக்கில் அப்படி எழுதுவார்கள். அங்கே லொறியும் கட்டடமும் ஒரே வரிசை. களஞ்சியத்து நெல் மூட்டையும் மில்லின் சொத்துத்தான், ஆனால் அது விற்கிற சரக்கு என்பதால் அந்த வரிசைக்கு வராது.

சட்டம் பார்ப்பது அசையுமா அசையாதா என்பதை. காணியைக் கைமாற்ற நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அது. லொறி அசையும் சொத்து. உறுதியில் அதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தாலொழிய காணியோடு போகாது. இழுத்துக்கொண்டு போகக்கூடிய ஜெனரேட்டரும் அப்படித்தான்.

சிக்கல் அரைக்கும் மெஷினில்தான். நிலத்தோடு நிலையாகப் பொருத்தியது நிலத்தைச் சேரும் என்பது நமது ரோமன்-டச்சுச் சட்டம். கொங்கிரீட்டில் இறுக்கியிருக்கிறதா, கழற்றினால் கட்டடம் உடையுமா, எப்போதும் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் பூட்டினார்களா, யார் எப்போது பூட்டியது என்றெல்லாம் நீதிமன்றம் கேட்கும். நாலு போல்ட்டைக் கழற்றித் தூக்கலாம் என்பது மட்டும் போதாது. உறுதியின் அட்டவணையையும், அதாவது கொடுத்த சொத்தை விவரித்து எழுதிய பகுதியையும், ஒருமுறை வாசியுங்கள். 'அதிலுள்ள சகலதும்' என்று இருந்தால், பொருத்திய மெஷின் விஷயத்தில் மச்சானின் கை ஓங்கும். உறுதி முடிந்த பிறகு உங்கள் காசில் வாங்கிப் பூட்டியது என்றால் கதை வேறு. அந்தப் பில்களைக் கவனமாக வையுங்கள்.

அப்பாவின் பெயரில் மிஞ்சிய லொறி முதலானவை, 1876ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, பாதி அம்மாவுக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. (தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரிய தனிச் சட்டம், முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.) இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்யாணத்தின்போது பெற்றோரிடம் அதிகமாகப் பெற்ற பிள்ளை, மற்றப் பிள்ளைகளோடு பங்கு கேட்டு வரும்போது அதன் பெறுமதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்பா அதிலிருந்து தங்கச்சியை விடுவித்தார் என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. சீதனக் காணி கைக்கு வந்துவிட்டது, இனி லொறியிலும் சரிபாதி என்று மச்சான் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பிரச்சினை தீரும்வரை மெஷினைக் கழற்றவோ லொறியை விற்கவோ வேண்டாம். லொறி லீசிங்கில் எடுத்ததா என்றும் பாருங்கள். கட்டி முடியாவிட்டால் அதன் சொந்தக்காரர் இன்னும் அந்த லீசிங் கம்பனிதான்.