ஸ்டோக்கில் ஒரு கோடிக்கு வீடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் நர்ஸ். இரண்டு வருடமாக இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்ற ஊரில் அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். போன மாதம் வீடியோ காலில் ஒரு வீட்டைக் காட்டினாள். கீழே இரண்டு அறை, மாடியில் இரண்டு அறை, பின்னால் சின்ன முற்றம். விலை 90,000 பவுண்டு, நம் கணக்கில் ஒரு கோடி சொச்சம். இந்தப் பணத்துக்கு இங்கே தில்லைநகரில் என்ன கிடைக்கும் சொல்லுங்கள்!

பீங்கான் ஊர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் அந்த மக்களை நொடித்துப்போனவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சொந்த வீடு இவ்வளவு சல்லிசாகக் கிடைக்கும் ஊரில் எப்படிக் கஷ்டம் இருக்கும்? லண்டன்காரன் அல்லவா பாவம்? இன்னொன்று. "மகள் குடியிருக்க ஒன்று, வாடகைக்கு விட ஒன்று, இரண்டாக வாங்கிப் போடு. மாதம் 600 பவுண்டு வரும்" என்கிறான் என் தம்பி. உங்கள் அபிப்பிராயம் வேண்டும். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

அந்த ஊரில் நான் மூன்று வருடம் குடியிருந்தேன். போன முதல் வாரம் நானும் இதையேதான் கேட்டேன். ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் லண்டன். லண்டனில் சராசரி வீடு ஐந்து லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. ஸ்டோக்கில் ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. உங்கள் மகள் காட்டியது போன்ற பழைய வரிசை வீடுகள் லட்சத்துக்குக் கீழேயே கிடைக்கின்றன. கொடுத்து வைத்த ஜனங்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்களை 1910-ல் ஒன்றாகச் சேர்த்தார்கள். மண்ணுக்கடியில் களிமண்ணும் நிலக்கரியும் அடுத்தடுத்துக் கிடைத்ததால் பீங்கான் தொழில் அங்கே வேர்விட்டது. பெரிய பீங்கான் முதலாளியான ஜோசையா வெட்ஜ்வுட் எட்ருரியா ஆலையைத் திறந்தது 1769-ல். 1777-ல் கால்வாய் வெட்டி முடிந்ததும் கார்ன்வாலின் வெள்ளைக் களிமண் படகில் வந்து இறங்கியது. ஆலையை அந்த ஊர்க்காரர்கள் 'பாட்பேங்க்' என்பார்கள். ஆலை மதிலுக்கு எதிரிலேயே தொழிலாளர் வீடுகள். பாட்டில் வடிவச் செங்கல் சூளைகள் ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல், வீடுகளுக்கு நடுவிலேயே நின்றன. ஒரு தடவை சுட்டெடுக்க இரண்டு மூன்று நாள். பத்து டன்னுக்கு மேல் கரி. கொடியில் போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் கறுப்பாகத்தான் உள்ளே வரும். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு சூளைகள் மின்சாரத்துக்கும் வாயுவுக்கும் மாறின. அந்தப் பாட்டில்களில் இன்று மிஞ்சியவை ஐம்பதுகூட இல்லை.

என் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். அந்தக் காலத்துப் 'பெயின்ட்ரஸ்'. பீங்கானில் கையால் பூ வரையும் பெண்களுக்கு அங்கே அதுதான் பெயர். ஒருநாள் தேநீருக்கு அழைத்து, பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தட்டைத் திருப்பி அடிப்பாகத்து முத்திரையைப் பார்த்தார். அந்த ஊரில் பிறந்தவர்கள் ஹோட்டலில்கூட அப்படித்தான் பார்ப்பார்கள். என் தட்டு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. அடியில் வேறு நாட்டின் பெயர். ஒன்றும் சொல்லாமல் தட்டை மெல்ல மேசையில் வைத்து, அதன் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவினார். அந்த விரலை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓர் ஊரில் வீடு மலிவு என்றால், அந்த ஊரில் கிடைக்கும் சம்பளத்துக்கு அதற்கு மேல் கொடுக்க ஆளில்லை என்று பொருள். நிலக்கரிச் சுரங்கம் போனது. ஷெல்டன் பார் என்ற ஆலையில் எஃகு உருக்குவது 1978-ல் நின்றது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து 1986-ல் தேசியத் தோட்ட விழா நடத்தினார்கள். இன்று அங்கே கடைகளும் ஒரு பெரிய பந்தயச் சூதாட்ட நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் நிற்கின்றன. இருநூறு வருடம் தாண்டிய டட்சன் பீங்கான் ஆலை 2019-ல் மூடப்பட்டது. 2022-க்குப் பிறகு எரிவாயு விலை சூளைகளின் கழுத்தை நெரிக்க, பர்ஸ்லமில் ராயல் ஸ்டாஃபோர்டு என்ற பீங்கான் நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவாலானது. இரண்டு மாதம் கழித்து மூர்கிராஃப்ட் என்ற இன்னொரு பீங்கான் நிறுவனம் கதவடைத்து, நிறுவனரின் பேரன் கையிலெடுத்ததால் அதே ஆண்டில் மறுபடி பிழைத்தது. வேலை இப்படிப் போகும் ஊரில் வீட்டு விலை எங்கே ஏறும்?

ஏறாவிட்டால் நல்லதுதானே என்பீர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டின் விலைதான் ஊருக்கு ஊர் மாறுமே தவிர, வீட்டைப் பழுது பார்க்கும் செலவு அந்த அளவுக்கு மாறாது. கூரைக்குப் போடும் கல் ஓடு, கொதிகலன், ஜன்னல் கண்ணாடி எல்லாம் லண்டன் விலைதான். கொத்தனார் கூலி கொஞ்சம் குறையலாம். ஐந்து லட்சம் பெறும் வீட்டுக்கு முப்பதாயிரம் செலவு செய்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள், விலையில் திரும்பி வந்துவிடும். தொண்ணூறாயிரம் பெறும் வீட்டுக்கு அதே முப்பதாயிரத்தைக் கொட்டினால் பாதிகூடத் திரும்பாது. அதனால் செலவு செய்ய மாட்டார்கள். வருடா வருடம் தள்ளிப் போட, வீடு உள்ளுக்குள்ளேயே இற்றுக்கொண்டு வரும்.

இந்தக் கணக்கைக் கண்ணெதிரே போட்டுக் காட்டியது அந்த ஊர் நகராட்சி. 2013-ல் காப்ரிட்ஜ் பகுதியில் பூட்டிக் கிடந்த 33 வீடுகளை வீட்டுக்கு ஒரு பவுண்டு என்று விற்றார்கள். வாங்குபவர் நகராட்சியிடமே 30,000 பவுண்டு கடன் பெற்று வீட்டைச் சீர் செய்து, அதிலேயே குடியிருக்க வேண்டும். அறுநூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஒரு பவுண்டு வீடு என்று உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் கண்ணில் பட்டது முப்பதாயிரம்தான். வரியும் பழுதுக்கு எதிராகவே இருக்கிறது: புதிதாக வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி கிடையாது, குடியிருக்கும் பழைய வீட்டுக்குக் கூரை மாற்றினால் 20 சதவீதம்.

அந்த வீடுகள் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முன் கட்டியவை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. வெளிக்குளிர் நேராக உள்பூச்சுக்கு வந்துவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடக்கூடியது. பின்னால் வந்தவர்கள் பளபளப்பாக இருக்கட்டும் என்று அதன் மேல் சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டார்கள். நான் இருந்தது அப்படி ஒரு வீடு. முதல் நவம்பரில் படுக்கையறையில் ஒரு வாடை. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்தது போல. துணி அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கரும்புள்ளிப் பூஞ்சணம், கம்பளி விரித்த மாதிரி. ஊரிலிருந்து கொண்டுபோன அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றை அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். மடிப்புகளில் பச்சை ஏறிப்போயிருந்தது. வீட்டுக்காரர் தெற்கே எங்கோ இருந்தார். மூன்று முறை எழுதினேன். "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று பதில் வந்தது. ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஹீட்டருக்கு எவ்வளவு கட்டுவது?

எனக்கு நேர்ந்தது ஒரு புடவையோடு போயிற்று. வடக்கே, ஒரு காலத்தில் ஆலைகள் நிறைந்திருந்த இன்னொரு ஊரான ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வாடகை வீட்டின் பூஞ்சணத்தால் நுரையீரல் பாதித்து இறந்தான். அவன் பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அவன் பெயராலேயே வழங்கும் சட்டம் 2025 அக்டோபரில் சமூக வீடுகளுக்கு, அதாவது நகராட்சியும் வீட்டுச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, அமலானது: ஈரமும் பூஞ்சணமும் பற்றிப் புகார் வந்தால் குறித்த நாளுக்குள் வந்து பார்த்துச் சரி செய்தாக வேண்டும். ஒரு குழந்தையின் உயிர் போய்த்தான் அந்தக் கெடு பிறந்தது.

சரி, இவ்வளவு மலிவான வீட்டை ஊர்க்காரர்களே ஏன் வாங்கவில்லை? நீங்கள் வங்கியில் இருந்தவர், உடனே புரியும். மிகக் குறைந்த மதிப்புள்ள வீடுகளுக்குக் கடன் கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன, கீழ்வரம்பே வைத்திருக்கின்றன. சமையலறை இல்லாமல், கூரை ஒழுகி நிற்கும் வீட்டுக்குக் கடன் கிடைப்பது இன்னும் கடினம். ரொக்கம் வைத்திருப்பவன் வந்து தூக்கிக்கொண்டு போகிறான். உங்கள் தம்பியின் கணக்குப்படி 90,000-க்கு மாதம் 600 என்றால் வருடத்துக்கு 8 சதவீதம். லண்டனில் இவ்வளவு வராது. அதனால் ஊரையே பார்க்காதவர்கள்கூட தெருத் தெருவாக வாங்குகிறார்கள். சொந்த வீடாக்க முன்பணமும் கடனும் கிடைக்காத ஊர்க்காரர் அதே வீட்டில் பதினைந்து வருடம் வாடகை கட்டி, வீட்டின் விலைக்கு மேலேயே கொடுத்துவிட்டு, கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2002-ல் வடக்கிலும் நடு இங்கிலாந்திலும் ஒன்பது பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பழைய வரிசை வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டினால் விலை ஏறும் என்று ஒரு திட்டம் போட்டது. ஸ்டோக் இருக்கும் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரும் அதில் ஒன்று. மக்களை வெளியேற்றித் தெருக்களைப் பலகை அடித்து மூடினார்கள். 2011-ல் பணத்தை நிறுத்தினார்கள். பாதி இடித்த தெருவின் நடுவில் கடைசியாக மிஞ்சிய ஒரு குடும்பம் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ஹான்லியில் ஒரு வரிசை வீட்டின் முன் ஜன்னலையே கடையாக்கி ஓட்கேக் விற்றார்கள். ஓட்ஸ் மாவைப் புளிக்க வைத்துக் கல்லில் ஊற்றுவது. பார்த்தால் நம் ரவா தோசையின் பெரியப்பா மகன் மாதிரி இருக்கும். 'ஹோல் இன் த வால்', அதாவது சுவரில் ஓர் ஓட்டை, என்று ஊரே சொல்லும். தெருவை இடிக்க வேண்டுமென்று 2012-ல் அதையும் மூடினார்கள்.

நகராட்சி என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். வீட்டு வரியை 1991-ம் ஆண்டு விலையை வைத்துத்தான் இன்றும் போடுகிறார்கள். அன்று 40,000 பவுண்டு வரை பெற்ற வீடு ஆகக் கீழான 'ஏ' பட்டியல். ஸ்டோக்கில் பாதிக்கு மேல் வீடுகள் அதில்தான். வரியை ஒரு சதவீதம் ஏற்றினால் தெற்கே ஒரு நகராட்சிக்குக் கிடைப்பதில் ஒரு பகுதிதான் இங்கே வரும். நோயாளிகளோ இங்கே அதிகம். வீடு மலிவாக இருப்பதற்கு நூலகமும் நீச்சல் குளமும் சேர்ந்து விலை கொடுக்கின்றன.

மகள் வாங்கட்டும். மனமாரச் சொல்கிறேன். மாதச் சம்பளத்தோடு அங்கே குடியிருக்கும் ஒரு நர்ஸ் அந்தத் தெருவுக்கே பலம். வாங்குமுன் கட்டட ஆய்வாளரை வைத்து முழு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு அடியில் பழைய சுரங்கம் உண்டா என்று சொல்லும் சுரங்க அறிக்கையும் அவசியம். வெட்ஜ்வுட்டின் எட்ருரியா ஆலையே சுரங்கத்தால் நிலம் இறங்கிக் கால்வாய் மட்டத்துக்குக் கீழே போனது. அவர்கள் பக்கத்துக் கிராமமான பார்லஸ்டனுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டு விலைக்கு மேல் இருபது முப்பதாயிரம் தனியாக எடுத்து வைக்க முடியும் என்றால் மட்டும் இறங்கட்டும்.

தம்பி சொல்லும் இரண்டாவது வீடு வேண்டாம், ஐயா. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சுவரை உங்களால் பார்க்க முடியாது. "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று எழுதும் நிலைக்கு நீங்களும் ஒருநாள் வந்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறேன்.

மகள் வீடு பார்க்கப் போவது மழை பெய்த மறுநாளாக இருக்கட்டும். அறைக்குள் நுழைந்ததும் படுக்கையறை அலமாரியை ஒரு கை பிடித்து நகர்த்தி, பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்