பேட்மேன் வண்டிக்குள் ஒரு வெள்ளைக் கார்

கேள்வி: 1966ல் வந்த 'பேட்மேன்' படத்தில் ஓடும் அந்தக் கறுப்பு வண்டி, ஏதோ பழைய காரை உடைத்துச் செய்தது என்கிறான் என் மகன். நிஜமா?

பதில்: பழைய கார் என்பது நிஜம். ஆனால் 'உடைத்து' என்ற வார்த்தையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் டிங்கரிங் பட்டறையில் தகரம் தட்டியவன் நான். இரண்டு வண்டிகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் காரின் பெயர் லிங்கன் ஃப்யூச்சுரா. 1955ல் அமெரிக்கக் கார் கண்காட்சிகளுக்காக ஃபோர்டு நிறுவனம் ஒன்றே ஒன்று செய்தது. பாடி செய்தவர்கள் இத்தாலியில் டூரின் நகரத்து கியா பட்டறைக்காரர்கள். அந்தக் காலத்திலேயே சுமார் இரண்டரை லட்சம் டாலர் ஆனதாம். முத்துப்போல மினுங்கும் வெள்ளை நிறம், நீண்ட வால் இறக்கைகள், ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒன்றும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். குமிழை மூடிவிட்டால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்காதே? அதற்காகப் பின்பக்கம் ஒரு மைக்கே வைத்திருந்தார்கள்!

கண்காட்சி முடிந்ததும் அதைக் கேட்பாரில்லை. 1959ல் ஒரு படத்தில் சிவப்பு பெயின்ட் பூசிக்கொண்டு வந்துபோனது. அப்புறம் ஜார்ஜ் பாரிஸ் என்ற கார் வடிவமைப்பாளரின் பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. வெறும் ஒரு டாலருக்கு வாங்கியிருந்தார்.

1965 கடைசியில், பேட்மேன் டிவி தொடருக்கு (அதே வண்டிதான் பிறகு நீங்கள் கேட்ட படத்திலும் ஓடியது) வண்டி வேண்டும் என்று அவரிடம் வந்தபோது கையில் இருந்தது மூன்றே வாரம். புதிதாக ஒரு பாடி அடிக்க அது போதவே போதாது. கொல்லையில் கிடந்த ஃப்யூச்சுராவில் வௌவால் பாதி ஏற்கெனவே இருந்தது. வால் இறக்கையின் ஓரத்தைச் சிறகுபோல வளைவு வளைவாக வெட்டினார்கள், சக்கர வளைவுகளைப் பெரிதாகத் திறந்தார்கள், முகப்பை வௌவால் மூஞ்சியாக மாற்றினார்கள். இந்தத் தகர வேலையைச் செய்தவர் பில் குஷன்பெரி. பெயர் என்னவோ பாரிஸுக்குத்தான் நிலைத்தது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. மூன்று வாரத்தில் அவ்வளவு சுத்தமாக ஓரம் மடித்துக் கொடுப்பது லேசான காரியமில்லை.

கேள்வி: அந்த வண்டி இப்போதும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 2013 ஜனவரியில் அரிசோனாவில் ஏலம் விட்டார்கள், கமிஷனோடு சேர்த்து 46 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஊர் ஊராகக் காட்டுவதற்குச் செய்த நகல்கள் தனி, அவை ஃபைபர் பாடி. அசல் ஒன்றுதான்.

மகனோடு உட்கார்ந்து படத்தை மறுபடி பாருங்கள். வண்டி நேராக வரும் காட்சியில் நிறுத்தி, முன் கண்ணாடியைக் காட்டுங்கள். நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாகப் புடைத்திருக்கும். அது ஃப்யூச்சுராவின் குமிழ்.